சொல்லாமல் விட்டது

இந்த வாக்கியத்தைப் படியுங்கள். "மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தும் அந்தப் பெண் வங்கித் தேர்வில் தேறிவிட்டாள்."

சொன்னவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் வாய் திறந்து சொல்லாத ஒன்றையும் உங்களை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் சாதாரணமாகத் தேற மாட்டார்கள் என்பதுதான் அது. அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நீங்கள் சண்டைக்குப் போயிருப்பீர்கள். 'படித்தும்' என்பதில் உள்ள 'உம்' சண்டைக்கு இடம் வைக்காமல் காரியத்தை முடித்துவிட்டது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு இந்த விளையாட்டு பழக்கமானதுதான். தர்க்க அறிவுப் பகுதியில் 'கூற்றும் அனுமானமும்' என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு கூற்று கொடுத்து, கீழே இரண்டு வாக்கியங்கள் தருவார்கள். கூற்றைச் சொன்னவர் இவற்றில் எதைச் சொல்லாமலே உண்மையென்று எடுத்துக்கொண்டிருக்கிறார்? முதலாவதையா, இரண்டாவதையா, இரண்டையுமா, எதையும் இல்லையா? கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். கணக்கில் புலியாக இருப்பவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

ஸ்டேட் வங்கி நீங்கலாகப் பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளை நடத்துகிற ஐ.பி.பி.எஸ். நிறுவனம் மும்பையில், கண்டிவலியில் இருக்கிறது. 1975-ல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி 1984-ல் தனி நிறுவனமானது. 2011-லிருந்து வங்கிகளுக்கான பொதுத் தேர்வை நடத்துகிறது. தாராவியிலும் மாடுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் வீட்டின் எதிர்காலம் இந்தத் தேர்வின் விடைத்தாளில்தான் இருக்கிறது. தோல் பதனிடும் வேலைக்கு வந்தவரின் பேத்தியும், சுருக்கெழுத்துப் படித்து ரயிலேறி வந்தவரின் பேரனும் இன்று ஒரே கேள்வித்தாளின் முன் உட்கார்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கொடுத்திருக்கும் வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் கூற்று அர்த்தமில்லாமல் விழுந்துவிட்டால், அது கூற்றுக்குள் ஒளிந்திருந்ததுதான். கூற்று அசையாமல் நின்றால் இல்லை. 'ஓடும் ரயிலில் ஏறாதீர்கள்' என்று நிலையத்தில் எழுதியிருக்கிறது. ஓடும் ரயிலில் யாருமே ஏறுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கே வேலையில்லை. ஆகவே 'சிலராவது ஏறக்கூடும்' என்பது உள்ளே இருக்கிறது. 'பலகையைப் படித்த எல்லோரும் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள்' என்பதோ இல்லை. பாதிப் பேர் நிறுத்தினாலும் பலகைக்குப் பயன் உண்டு. 'எல்லோரும்', 'மட்டுமே', 'நிச்சயமாக' போன்ற சொற்களைக் கண்டால் ஒரு கணம் நிதானிக்கச் சொல்லிப் பயிற்சி வகுப்புகளில் அறிவுறுத்துவது இதனால்தான். சொன்னவருக்கு அவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

இதில் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டாக்கிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 2019 ஜூலையில் கிராம வங்கித் தேர்வுகளை ஆங்கிலம், இந்தியோடு 13 மாநில மொழிகளிலும் நடத்துவதாக மத்திய அரசு அறிவித்தது. 2021 செப்டம்பரில் பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வுக்கும் அதே வழி திறந்தது. நல்ல முடிவு. ஆனால் தமிழில் 'அனுமானம்' என்ற ஒரே சொல் இரண்டு எதிர்த்திசைகளைச் சுமக்கிறது. புகையைக் கண்டு நெருப்பு இருக்கிறது என்று கொள்வது நம் தர்க்க நூல்களின் அனுமானம். சொன்னதிலிருந்து முன்னே நடப்பது அது. தேர்வில் கேட்பதோ சொன்னதற்குப் பின்னால் போவது. சொல்வதற்கு முன்பே சொன்னவர் மனசில் என்ன இருந்தது என்பது.

செம்பூரில் ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்த தாராவி மாணவி ஒருத்தி தன் மாதிரித் தேர்வுத் தாளைக் காட்டினாள். கூற்று: 'பலத்த மழை காரணமாக வண்டிகள் தாமதமாக ஓடும் என்று நிலையத்தில் அறிவித்தார்கள்.' கீழே முதல் வாக்கியம்: 'இந்த அறிவிப்பு பயணிகளுக்கு உபயோகப்படும்.' இரண்டாவது: 'இன்று பலர் வேலைக்குத் தாமதமாகப் போவார்கள்.' இரண்டாவதைக் குறித்திருந்தாள். "வண்டி லேட்டுன்னா ஆபீசுக்கு லேட்டாத்தானே போவாங்க? அதானே சார் அனுமானம்?" என்றாள். அவள் தமிழில் பிழையில்லை. கேட்ட சொல்லுக்குச் சரியான விடையைத்தான் குறித்திருக்கிறாள். கேட்க நினைத்தது வேறு. அறிவிப்பால் யாருக்கும் உபயோகமில்லை என்றால் அதைச் செய்திருக்கவே மாட்டார்கள் என்பதால், முதலாவதுதான் உள்ளே ஒளிந்திருப்பது. இதற்கு 'உட்கிடை' என்ற சொல் தமிழில் இருக்கிறது. நூலாசிரியர் மனசில் வைத்துச் சொல்லாமல் விட்டதைக் குறிக்கும் சொல். அதையே இந்தக் கட்டுரையில் பயன்படுத்திக்கொள்கிறேன். தேர்வுத் தாளை மொழிபெயர்ப்பவர்களும் யோசிக்கலாம்.

உட்கிடையைத் தேடும் வித்தை நமக்குப் புதிதில்லை. மணிமேகலையில் வஞ்சி நகரில் பல சமயவாதிகளையும் அவள் கேள்வி கேட்கும் காதை ஒன்று உண்டு. அதில் அளவைவாதி அறிவைப் பெறும் வழிகளை அடுக்கும்போது அருத்தாபத்தி என்று ஒன்றைச் சொல்கிறார். கங்கையில் இடையர் குடியிருப்பு இருக்கிறது என்றால், தண்ணீருக்கு நடுவில் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கரையில் என்று கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். மீமாம்சகர்களின் புகழ்பெற்ற உதாரணம் இன்னும் வேடிக்கையானது. தேவதத்தன் பகலில் சாப்பிடுவதேயில்லை, ஆனாலும் பருமனாக இருக்கிறான். அப்படியானால் ராத்திரி சாப்பிடுகிறான். சொன்ன இரண்டும் முரண்படாமல் நிற்க வேண்டுமானால் சொல்லாத மூன்றாவது ஒன்று உண்மையாக இருந்தாக வேண்டும். தொல்காப்பியம் நூலுக்கு உரிய 32 உத்திகளைச் சொல்லும்போது, சொன்னதை வைத்துச் சொல்லாததை உணர்ந்துகொள்வதையும் அவற்றில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இலக்கண ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி நெருங்கிப் போனார்கள். எந்தச் சொல்லின் மடியில் உட்கிடை ஒளிந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். உம்மைக்கு எட்டுப் பொருள் என்றது நன்னூல். 'சாத்தனும் வந்தான்' என்றால் வேறு யாரோவும் வந்திருக்கிறார். அது எச்ச உம்மை. 'இவனும் தேறிவிட்டான்' என்று ஏளனமாகச் சொன்னால் அது இழிவு சிறப்பு. இந்த இழிவு சிறப்பும்மைக்கு உரைகளில் வழிவழியாக வந்துகொண்டிருக்கும் உதாரணம், ஒரு சாதிப் பெயரைச் சொல்லி 'அவன்கூட விரும்பமாட்டான்' என்கிறது. உம்மையைக் கற்பிக்கும் வாக்கியம் கூடவே இன்னொன்றையும் கற்பித்துவிடுகிறது. உம்மை எது என்று கேட்டால் மாணவர்கள் கை தூக்குவார்கள். அந்தச் சாதியை இழிவென்று முடிவு செய்தது யார் என்ற கேள்வி பாடத்தில் இருக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது இதுதான். தேர்வு கேட்பது உட்கிடை இருக்கிறதா என்று மட்டும். அது உண்மையா, நியாயமா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. விடைத்தாளைத் திருத்துவதற்கு அது போதும். ஊரில் வாழ்வதற்குப் போதாது. மும்பைத் தமிழர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

1960-ல் மகாராஷ்டிரம் பிறந்த சில மாதங்களில் கார்ட்டூனிஸ்ட் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற மராத்தி வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் பம்பாய் அலுவலகங்களில் உயர் பதவியில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் வெளிவந்தன. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். தலைப்பு: 'படியுங்கள், சும்மா இருங்கள்.' பிறகு அது 'படியுங்கள், எழுங்கள்' என்று மாறியது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. தென்னிந்தியர்களின் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. லுங்கியை விரட்டு என்ற கோஷம் தெருவில் கேட்டது.

அந்தப் பட்டியலின் வலிமையைக் கவனியுங்கள். அதில் வாதமே கிடையாது. வெறும் பெயர்கள். வாதத்தைப் படித்தவரே நிரப்பிக்கொண்டார். கேட்பவருக்குத் தெரிந்ததைப் பேச்சாளர் சொல்ல வேண்டியதில்லை, கேட்பவரே சேர்த்துக்கொள்வார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். தானே நிரப்பிய ஒன்றை யாரும் சுலபத்தில் சந்தேகிப்பதில்லை. யாரோ சொன்ன கருத்தாக அது தோன்றாது, தன் கருத்தாகவே தோன்றும்.

தேர்வு அறையில் செய்வதுபோல அந்தப் பட்டியலின் உட்கிடைகளை வெளியே எடுத்து வைக்கலாம். ஒன்று: பெயரைப் பார்த்தால் ஊரைச் சொல்லிவிடலாம். இரண்டு: அந்தப் பெயர் உள்ளவர் இந்த நகரத்துக்கு அந்நியர், இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும். மூன்று: ஜனத்தொகையில் உள்ள பங்குதான் வேலையிலும் இருக்க வேண்டும். நான்கு: இல்லாவிட்டால் அதற்குக் காரணம் பாரபட்சமே. ஐந்து: இவர் போனால் அந்த நாற்காலி மராத்தி இளைஞருக்குக் கிடைக்கும்.

முதல் இரண்டும் நியாயமில்லாதவை என்று நமக்கு உடனே தெரிகிறது. மூன்றாவதைப் பற்றி யோசிக்க வேண்டும். நாமே வேறு இடங்களில் அதை வாதமாக வைப்பதுண்டு. நான்காவதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மாடுங்காவில் தங்க இடம் கொடுத்து, தட்டச்சுப் படிக்கவைத்து, தன் அலுவலகத்திலேயே ஒரு வேலையும் பார்த்துக்கொடுத்த மாமாக்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோமே, அந்த வாசலில் நின்ற மராத்திப் பையனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? உட்கிடை என்றாலே பொய் என்று அர்த்தமில்லை. வெளியே எடுத்தால்தான் எது உண்மை, எது பாதி உண்மை, எது வெறும் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஆறாவதாக ஒன்று உண்டு. 'மதராசி' என்பது ஒரே ஜாதி மனிதர் என்ற உட்கிடை. அலுவலகப் பெயர்ப் பட்டியலில் அதிகாரிகள் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவித் தோல் பட்டறைகளில் உழைத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் யாருடைய நாற்காலியிலும் உட்காரவில்லை. ஆனால் கல் வீசப்பட்டபோது பட்டியலைப் பார்த்து யாரும் வீசவில்லை.

2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத மும்பைக்கு வந்த வட இந்திய இளைஞர்களை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையினர் அடித்து விரட்டினார்கள். கூற்று பழையது, பெயர்கள் மட்டும் புதியவை. இதைப் படித்துத் தலையாட்டும் தமிழ் வாசகரிடம் ஒன்று கேட்க வேண்டும். திருப்பூரிலும் சென்னையிலும் வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி 'எல்லா வேலையும் அவர்களுக்கே போய்விட்டது' என்று பேச்சு வரும்போது, மேலே எண் போட்டு எழுதிய ஐந்தில் எத்தனை உங்கள் வாக்கியத்துக்குள் இருக்கிறது? மறுத்துப் பார்க்கும் சோதனையைத் தன் வாக்கியத்துக்கு வைப்பதுதான் கஷ்டம்.

இன்றைக்குத் தாராவியில் வேலையோடு வீடும் பேச்சாகியிருக்கிறது. 2004-லிருந்து மறுசீரமைப்புத் திட்டம் பேசப்படுகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் அதானி குழுமம் அதைப் பெற்றது. மாநில அரசுக்கு 20 சதவிகிதப் பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதற்குச் சான்று காட்டுபவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. 350 சதுர அடி என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகை முறையிலோ வீடு.

இப்போது கூற்று: 'தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் 350 சதுர அடி வீடு கிடைப்பதால் தாராவி மக்களின் வாழ்க்கை உயரும்.' கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? வீடு என்பது படுத்து எழுவதற்கு என்ற உட்கிடை இருக்கிறது. ராத்திரி மாவாட்டி விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் மாடுங்கா பக்கம் கொண்டுபோய் விற்பவருக்கு வீடுதான் பட்டறை. கும்பார்வாடாவில் சூளை வைத்திருக்கும் குஜராத்திக் குயவருக்கும் அப்படித்தான். அவர்களைப் பொறுத்தவரை அந்த உட்கிடையை மறுத்துப் பாருங்கள். கூற்று ஆட்டம் காண்கிறது. 'தகுதி' என்ற சொல்லுக்குள் இன்னொன்று: காகிதம் வைத்திருப்பவரே இங்கே வாழ்ந்தவர். வெள்ளத்திலும் தீயிலும் காகிதங்கள் போன குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள். 'மாடியில் இருப்பவர்' என்பதிலும் ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கல்யாணமாகி இடம் போதாமல் அப்பா கட்டிக்கொடுத்த மாடி என்பது அந்தச் சொல்லில் தெரியாது.

எதிர்த்தரப்பும் இந்தச் சோதனைக்கு விலக்கு இல்லை. 'தாராவியை இப்படியே விட்டுவிடுங்கள், இங்கே தொழில் செழிக்கிறது' என்று சொல்பவர் வரிசையில் நின்று பொதுக் கழிப்பறைக்குப் போவதும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் சாக்கடை வருவதும் தொழிலுக்குக் கொடுக்க வேண்டிய நியாயமான விலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே குடியிருக்கும் பெண்களைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என் யோசனை இரண்டு. அறைக்குள் இருக்கும்போது மறுத்துப் பாருங்கள், கூற்று விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அங்கே உண்மையைப் பற்றிக் கவலைப்பட்டால் கால் மதிப்பெண் போய்விடும். அந்த மாணவிக்கும் இதைத்தான் சொன்னேன். வெளியே வந்த பிறகு மூன்று கேள்விகள் சேர்த்துக்கொள்ளுங்கள். இது உண்மையா? யாருக்குச் சௌகரியமாக இருப்பதால் சொல்லாமல் விடப்பட்டது? பொய்யாக இருந்தால் யார் விலை கொடுப்பார்கள்? கணக்கெடுக்க வருபவரிடம், கையெழுத்து வாங்க வருபவரிடம், வோட்டுக் கேட்க வருபவரிடம் இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த ஒரு பெண் அந்தத் தெருவில் இருந்தால், வங்கி வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் படித்தது வீணில்லை.

போகிற போக்கில் ஒரு சின்னப் பயிற்சி. "தாராவிக்காரர்களும் மும்பைக்காரர்கள்தான்" என்று மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள், கைதட்டலும் வரும். கைதட்டுவதற்கு முன் அந்த 'உம்'மை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.